மூன்று கிலோவுக்கு நாலு வீடு

2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்து போன பிறகு, மட்டக்களப்பில் கல்லடி, நாவலடி, டச்பார் பக்கத்துச் சனங்கள் பாடசாலைகளிலும் கோயில் மடங்களிலும் தங்கியிருந்தார்கள். அப்படியொரு முகாமில் நானும் உதவிக்கு நின்றேன். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்துக்கு ஏ எடுத்தவன் என்று யாரோ சொல்லிவிட, நிவாரணக் கொப்பி என் கைக்கு வந்துவிட்டது. யாருக்கு எவ்வளவு கொடுத்தோம், கையிருப்பில் எவ்வளவு மிச்சம் என்று எழுதி வைப்பதுதான் வேலை.

ஒருநாள் பருப்பு வந்தது. நிறுத்துப் பார்த்தால் 48 கிலோ. ஒரு குடும்பத்துக்கு முக்கால் கிலோ கொடுப்போம் என்று பெரியவர்கள் பேசி முடிவெடுத்தார்கள். பட்டியலில் இருந்தது 61 குடும்பம். எல்லாருக்கும் காணுமா, எத்தனை பேருக்குக் காணும் என்று என்னிடம் கேட்டார்கள்.

கொப்பியின் கடைசிப் பக்கத்தில் 48 ÷ ¾ என்று எழுதினேன். படித்தபடி ¾ஐத் தலைகீழாக்கி 4/3ஆல் பெருக்கினேன். 64 வந்தது. அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம் பிடித்துக்கொண்டது. 48ஐ வகுத்தால் 48ஐ விடக் குறையத்தானே வேண்டும்? கூடிய விடை எப்படி வரும்? தலைகீழாக்கக் கூடாத இடத்தில் தலைகீழாக்கிவிட்டேன் என்று நினைத்தேன். அதை வெட்டிவிட்டு 48 × ¾ என்று செய்தேன். 36. அது நம்பக்கூடிய எண்ணாகத் தெரிந்தது. "முப்பத்தாறு குடும்பத்துக்குத்தான் காணும்" என்றேன். பட்டியலில் அதற்குக் கீழே இருந்த 25 குடும்பங்களை நாளைக்கு வரச் சொல்லி அனுப்பினோம்.

வரிசையில் நாவலடியில் சில்லறைக்கடை வைத்திருந்த ஒரு மாமி நின்றார். கடையும் வீடும் கடலோடு போய்விட்டன. தன் முறை வந்தபோது மூட்டைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"மனே, இதுல எத்தின கிலோ இருந்த?"

"நாப்பத்தெட்டு, மாமி."

"வீட்டுக்கு முக்கால் எண்டா, மூணு கிலோவுக்கு நாலு வீடு. நாப்பத்தெட்டுக்குள்ள மூணு பதினாறு தரம் போகும். பதினாறு நாலு அறுபத்திநாலு. எல்லாருக்கும் காணுமே! மறுகா ஏன் ஆக்கள அனுப்பின நீங்க?"

நான் கொப்பியைக் காட்டி மறுத்துச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் பருப்பை வாங்கிக்கொண்டு போனார். முப்பத்தாறாவது குடும்பமும் வாங்கிப் போனபோது மூட்டையில் 21 கிலோ கிடந்தது. கிட்டத்தட்டப் பாதி. அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ஓடினேன். போனவர்களில் பெரும்பாலானவர்களைத் தேடிப் பிடித்துக் கூட்டி வந்தோம். ஒரு குடும்பம் மட்டும் அதற்குள் உறவினர்கள் இருந்த வேறு முகாமுக்குப் போய்விட்டது. பட்டியலில் அந்தப் பெயருக்கு நேரே நான் எதுவும் எழுதவில்லை.

இதை நான் இருபது வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். எனக்குக் கணக்கு தெரியாமல் போகவில்லை. சரியான விடை என் கையில் வந்தது. அதை நம்புவதற்கு என்னிடம் ஒரு காரணமும் இருக்கவில்லை என்பதுதான் விஷயம். தலைகீழாக்கிப் பெருக்கு என்ற வரி மனப்பாடமாக இருந்தது. ஏன் அப்படிச் செய்கிறோம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. காரணம் தெரியாத விதி, விடை கொஞ்சம் விசித்திரமாகத் தெரிந்தவுடன் கைவிட்டுவிடும்.

இப்போது என் மகள் எட்டாம் தரம் படிக்கிறாள். போன மாதம் ஒருநாள் இரவு கொப்பியோடு வந்து நின்றாள். 1¾ ÷ ½. விடை 3½ என்று எழுதியிருந்தாள். பக்கத்தில் சரி அடையாளமும் இருந்தது.

"அப்பா, விடை சரிதான். ஆனா ஒன்றே முக்காலை வகுத்தா எப்பிடி மூன்றரை வரும்? வகுத்தா குறையணும்தானே?"

அதே கேள்வி. அவள் கேட்டுவிட்டாள், நான் கேட்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

எங்கள் வீட்டில் அரிசியை இன்னமும் சுண்டால்தான் அளக்கிறோம். நாலு சுண்டு ஒரு கொத்து. ஆகவே ஒரு சுண்டு என்றால் கால் கொத்து. அரிசி வாளியைக் குசினித் தரையில் வைத்துவிட்டு, ஒன்றே முக்கால் கொத்து அளந்து தட்டில் கொட்டச் சொன்னேன். ஏழு சுண்டு அளந்து போட்டாள். "இப்ப இதை அரை அரைக் கொத்தாகக் குவி" என்றேன். அரைக் கொத்து என்றால் இரண்டு சுண்டு. ஒரு குவியல், இரண்டு குவியல், மூன்று குவியல். ஒரு சுண்டு மிஞ்சியது.

மூன்று குவியலும், இன்னொரு குவியலில் பாதியும். மூன்றரை.

ஒன்றே முக்கால் என்பது அரிசியின் அளவு. மூன்றரை என்பது குவியல்களின் எண்ணிக்கை. ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டு "கூடிவிட்டதே" என்று பயப்பட இடமே இல்லை. குவியலைச் சின்னதாக்கினால் எண்ணிக்கை கூடும். 8 கொத்தை நந்நான்கு கொத்தாக வைத்தால் 2 குவியல், இவ்விரண்டு கொத்தாக வைத்தால் 4, ஒவ்வொரு கொத்தாக வைத்தால் 8. அங்கேயே நின்றுவிடக் காரணம் உண்டா? அரை அரையாக வைத்தால் 16, சுண்டு சுண்டாக வைத்தால் 32. ஒன்றுக்குக் கீழே இறங்கியதும் விடை 8ஐத் தாண்டிப் போகிறது. வகுத்தால் குறையும் என்பது முழு எண்களோடு மட்டும் பழகியதால் வந்த பழக்கம். அதை விதியென்று நினைத்துத்தான் நான் 64ஐ வெட்டினேன்.

ஆனால் மகள் அதோடு விடவில்லை. மிஞ்சிய சுண்டைக் காட்டி, "இது கால் கொத்து. விடையில ஏன் அரை எண்டு இருக்கு?" என்றாள்.

இந்த இடத்தில்தான் பலருக்கும் தடுக்கும் என்று நினைக்கிறேன். எனக்கும் ஒரு கணம் தடுத்தது. மிச்சத்தைக் கொத்தால் அளந்தால் அது கால். குவியலால் அளந்தால் அரை. நாம் கேட்ட கேள்வி "எத்தனை குவியல்?" என்பது. கேள்வியில் எந்த அளவைக் கையில் எடுத்தோமோ, அந்த அளவால்தான் மிச்சத்தையும் அளக்க வேண்டும்.

சொல்லி விளங்கவைப்பதைவிட இன்னொரு பொருளைக் காட்டலாம் என்று எண்ணெய்ப் போத்தலை எடுத்தேன். நம் ஊரில் பால், தேன், தேங்காய் எண்ணெய் எல்லாவற்றையும் போத்தல் கணக்கில் வாங்குகிறோம். போத்தல் என்றால் 750 மில்லிலீற்றர், அதாவது முக்கால் லீற்றர். லீற்றர் கணக்கில் வந்ததைப் போத்தல் கணக்கில் விற்கும் ஒவ்வொருவரும் ¾ஆல் வகுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். 6 லீற்றர் பால் என்றால் 8 போத்தல். இதில் சிக்கல் இல்லை. 5 லீற்றர் என்றால்? ஆறு போத்தல் நிரம்ப நாலரை லீற்றர் போய்விடும். அரை லீற்றர் மிச்சம். ஏழாவது போத்தலில் அந்த அரை லீற்றரை ஊற்றினால் போத்தலில் பாதியா நிரம்பும்? இல்லை. 750இல் 500. மூன்றில் இரண்டு பங்கு. 5 ÷ ¾ = 6⅔. லீற்றரில் பார்த்தால் அரை, போத்தலில் பார்த்தால் மூன்றில் இரண்டு. மகள் வெறும் போத்தலைத் தூக்கிப் பிடித்துக் கையால் அளவு காட்டிப் பார்த்தாள். அதன் பிறகு அந்தச் சந்தேகம் வரவில்லை.

இதையெல்லாம் செய்துகொண்டிருந்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. "அரை அரைக் கொத்தாகக் குவி" என்று நான் சொன்னபோது மகள் ஒரு கணமும் யோசிக்கவில்லை. "அரையால் வகு" என்று கொப்பியில் எழுதியிருந்தால்தான் குழம்புகிறாள். ஏன்?

பன்னிரண்டு மாங்காயை ஒரு பிள்ளையிடம் கொடுத்து "மூன்றாகப் பிரி" என்று சொல்லுங்கள். மூன்று பங்கு வைக்கும், ஒவ்வொன்றிலும் நாலு மாங்காய் இருக்கும். "மும்மூன்றாகப் பிரி" என்று சொல்லுங்கள். மூன்று மூன்றாக எடுத்து வைக்கும், நாலு பங்கு வரும். இரண்டுக்கும் 12 ÷ 3 = 4 என்றுதான் எழுதுகிறோம். ஆனால் முதல் நாலு மாங்காய்களின் எண்ணிக்கை, இரண்டாவது நாலு பங்குகளின் எண்ணிக்கை. வகுத்தல் என்ற ஒரே பெயருக்குள் இரண்டு வேலைகள் இருக்கின்றன. தமிழ் அந்த இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறது. சொல்லை ஒரு தடவை சொன்னால் முதல் வேலை. இரட்டித்தால் இரண்டாவது வேலை. பள்ளிக்கூடம் போகாதவர்களும் இதில் பிழை விடமாட்டார்கள்.

இப்போது அரைக்கு வாருங்கள். "அரையாகப் பிரி" என்றால் எல்லாரும் பாதியாக்குவார்கள். அது இரண்டால் வகுப்பது. "அரை அரையாகப் பிரி" என்றால் அரையளவுக் குவியல்கள் வைப்பார்கள். அதுதான் அரையால் வகுப்பது. 8 கொத்துக்கு முதலாவதில் 4 வரும், இரண்டாவதில் 16. ஒரு சொல்லை இன்னொரு தரம் சொல்வதில் இவ்வளவு வித்தியாசம். "ஆல்" என்ற உருபு இந்த இரண்டையும் மூடி மறைத்துவிடுகிறது. பின்ன வகுத்தலைத் தொடங்கும்போது முதல் ஒரு வாரம் "ஆல்" இல்லாமல், "கால் காலாக", "முக்கால் முக்காலாக" என்று சொல்லிக் கொடுத்தால் போதும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். குறி எழுதுவது பிறகு வரட்டும்.

இந்தக் குழப்பம் நம் பிள்ளைகளுக்கு மட்டும் உள்ளதல்ல. லிப்பிங் மா என்ற ஆய்வாளர் 1999இல் வெளியிட்ட ஆய்வில், தொடக்கப் பள்ளி ஆசிரியர்களிடம் இதே 1¾ ÷ ½ஐக் கொடுத்து, செய்து காட்டி அதற்கு ஒரு கதையும் சொல்லச் சொன்னார். சீன ஆசிரியர்கள் 72 பேர், அமெரிக்க ஆசிரியர்கள் 23 பேர். சீன ஆசிரியர்கள் எல்லாரும் கணக்கைச் சரியாகச் செய்தார்கள், பெரும்பாலானவர்கள் பொருத்தமான கதையும் சொன்னார்கள். அமெரிக்கர்களில் பலர் ஒன்றே முக்கால் பங்கு பண்டத்தை இரண்டு பேருக்குப் பகிர்ந்து கொடுப்பதாகக் கதை சொன்னார்கள். அது இரண்டால் வகுக்கும் கதை. கற்பிப்பவர்களுக்கே அரையால் வகுப்பதும் பாதியாக்குவதும் ஒன்றாகத் தெரிந்திருக்கிறது. இதை வாசித்தபோது எனக்கு ஆறுதலாக இருக்கவில்லை. அந்த வகுப்புகளில் இருந்த பிள்ளைகளைத்தான் நினைத்தேன்.

சரி, தலைகீழாக்குவது எங்கிருந்து வருகிறது?

பருப்புக்கே திரும்பிப் போகிறேன். 48 கிலோவை முதலில் கால் கால் கிலோவாகப் பொட்டலம் கட்டுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோவுக்கு நாலு பொட்டலம். ஆக 48 × 4 = 192. ஒரு குடும்பத்துக்கு முக்கால் கிலோ, அதாவது மூன்று பொட்டலம். 192ஐ மும்மூன்றாகக் கொடுத்தால் 64 குடும்பம். நாலால் பெருக்கி மூன்றால் வகுத்தோம். 4/3 என்பது இதுதான். வேறு மந்திரம் ஒன்றும் அதற்குள் இல்லை. பின்னத்தின் பகுதி எண் பொட்டலத்தின் அளவைச் சொல்கிறது, அதனால் அது பெருக்குகிறது. தொகுதி எண் ஒரு பங்குக்கு எத்தனை பொட்டலம் என்று சொல்கிறது, அதனால் அது வகுக்கிறது. இரண்டும் இடம் மாறியதுபோல் கொப்பியில் தெரிவதற்கு இதுவே காரணம்.

மாமி செய்ததும் இதையேதான், ஒழுங்கை மட்டும் மாற்றிச் செய்தார். முதலில் மூன்றால் வகுத்தார், பதினாறு. பிறகு நாலால் பெருக்கினார், அறுபத்திநாலு. "மூணு கிலோவுக்கு நாலு வீடு" என்ற அந்தச் சொல்லுக்குள் 4/3 முழுசாக இருந்தது. நான் கொப்பியில் எழுதி வெட்டிய வரியை அவர் வாயால் சொன்னார். அவருக்குத் தன் விடையில் சந்தேகம் வரவில்லை, ஏனென்றால் அவர் பருப்பையும் வீடுகளையும் பார்த்துக்கொண்டே கணக்குப் பார்த்தார்.

இன்னொரு வழியும் இருக்கிறது. சந்தையில் முக்கால் கிலோ இறால் வாங்கி 1500 ரூபா கொடுத்தால், கிலோ என்ன விலை? இதுவும் 1500 ÷ ¾தான். ஆனால் இங்கே குவியல் வைத்து எண்ண முடியாது. 1500 ரூபாவுக்குள் எத்தனை முக்கால் கிலோ என்று கேட்பது பொருளில்லாத கேள்வி. இங்கே கேட்பது "ஒன்றுக்கு எவ்வளவு?" என்பது. முக்காலுக்கு 1500 என்றால் காலுக்கு 500. கால் நாலு சேர்ந்தால் ஒன்று, ஆகவே 2000. மறுபடியும் மூன்றால் வகுத்து நாலால் பெருக்கல். மாங்காய்க் கணக்கில் முதல் வேலை எது? மூன்று பங்கு வைத்தால் ஒரு பங்குக்கு எவ்வளவு என்பது. அதே வேலைதான் இங்கேயும். பங்கு மூன்று என்பதற்குப் பதிலாகப் பங்கு முக்கால். மீன் விற்கும் பெண்கள் இதைக் கண் இமைக்கும் நேரத்தில் செய்வதை வாவிக்குக் கிழக்கே உள்ள எழுவான்கரையில் எந்தச் சந்தையிலும் பார்க்கலாம். இரண்டு வேறு கேள்விகளுக்கும் ஒரே வழி பொருந்துவது எனக்கு இன்றைக்கும் அழகாகத் தெரிகிறது.

விதி பழையது. 1150ஆம் ஆண்டளவில் பாஸ்கரர் லீலாவதி என்ற தன் கணித நூலில், வகுக்கும் பின்னத்தின் மேலெண்ணையும் கீழெண்ணையும் இடம் மாற்றிவிட்டுப் பெருக்கலைப்போலவே செய் என்று சொல்லியிருக்கிறார். அவருக்கு ஐந்து நூற்றாண்டுக்கு முன்பே, 628இல், பிரம்மகுப்தர் இதே விதியைத் தந்துவிட்டார். 

ஆனால் என்னை அதிகம் இழுப்பது நம் பழைய பின்னப் பெயர்கள். கால், அரை, முக்கால் மட்டும் இன்று மிஞ்சியிருக்கின்றன. முன்பு அரைக்கால் எட்டில் ஒன்று, மாகாணி அல்லது வீசம் பதினாறில் ஒன்று, மா இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று. ஒவ்வொரு பின்னமும் ஒரு பொருளைப்போலத் தனிப் பெயரோடு இருந்தது. பெயரோடு இருக்கும் பொருளை எண்ண முடியும். முக்காலில் எத்தனை கால் என்று கேட்டால் விடை சொல்லுக்குள்ளேயே கிடக்கிறது: மூன்று கால். மும்மாவில் எத்தனை மா? மூன்று. முக்காலில் எத்தனை அரைக்கால்? ஒவ்வொரு காலிலும் இரண்டு, ஆக ஆறு. "நான்கில் மூன்றை எட்டில் ஒன்றால் வகு" என்று எழுதினால் பிள்ளைக்கு அது எண் மேல் எண்ணாக இரண்டு அடுக்கு. "முக்காலில் எத்தனை அரைக்கால்?" என்று கேட்டால் மாங்காய் எண்ணுவதுபோல் எண்ணிவிடும்.

பொதுப் பகுதி எண் காண்பதும் இதே யோசனைதான். இரண்டு பின்னங்களுக்கும் ஒரே சுண்டைத் தேடுகிறோம். 1¾ கொத்து ஏழு சுண்டு, ½ கொத்து இரண்டு சுண்டு. 7 ÷ 2. சுண்டு கிடைத்துவிட்டால் பின்னமே மறைந்துவிடுகிறது. வேலை கொஞ்சம் கூடத்தான். தலைகீழாக்கினால் சுருக்கமாக முடிந்துவிடும். ஆனாலும் முதலில் இந்த வழியில் பத்துக் கணக்காவது செய்துவிட்டு விதிக்கு வருவதே நல்லது. விதி மறந்துபோனாலும் சுண்டு மறக்காது.

போன வாரம் மகளுக்கு ஒரு வேலை கொடுத்தேன். ⅔ ÷ ¾, விடை வேண்டாம், கதை மட்டும் எழுது என்று. வேண்டுமென்றேதான் அந்த எண்களைக் கொடுத்தேன். அளக்கப்படும் பொருள் அளவைவிடச் சின்னதாக இருக்கும் கணக்கு அது. ஒரு குவியல்கூட முழுசாக வராது. "எத்தனை?" என்ற கேள்வி அங்கே நின்றுவிடும், "எவ்வளவு பங்கு?" என்று மாற்றிக் கேட்க வேண்டும். பெரியவர்களே தடுமாறும் இடம்.

அரை மணித்தியாலம் கழித்துக் கொப்பியைக் கொண்டு வந்தாள். வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலிருந்து ஒருவர் தேன் கொண்டு வருகிறார், அவரிடம் இருப்பது மூன்றில் இரண்டு லீற்றர், அம்மாவுக்கு ஒரு போத்தல் வேணும் என்று கதை. கீழே ஒரு நீளப் பெட்டியைப் போத்தலாகக் கீறி ஒன்பது கட்டமாகப் பிரித்திருந்தாள். ஏன் ஒன்பது என்று கேட்டேன்.

"லீற்றரைப் பன்னிரண்டாப் பிரிச்சா போத்தலுக்கு ஒன்பது பங்கு, அப்பா. தேன் எட்டுப் பங்கு."

எட்டுக் கட்டத்துக்கு மஞ்சள் பூசியிருந்தாள். ஒன்பதாவதை வெறுமையாக விட்டு, அதற்குப் பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தாள்: "இவ்வளவுக்குக் காசு குறைக்க வேணும்."